தலையில்லாத தாள்கள்

அத்தியாயம் நான்கு

துப்பறியும் அற்புதசாமி திருடனைப் பிடித்துவிட்டார். அவர் தொழிலில் இப்படி ஒன்று நடப்பது இதுவே முதல் தடவை. ஆகவே, பிடித்த பிறகு என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. முறுக்கு சாப்பிடலாம் என்று தோன்றியது.

ஸ்ரீரங்கம் மொட்டைக் கோபுரத்துக்குப் பக்கத்தில் அழகர்சாமியின் மணப்பாறை முறுக்குக் கடை. கடைமுன் கிடந்த பெஞ்சில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரெல்லாம் தன்னைப் பார்க்கிறார்களா என்று அற்புதசாமி பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் பார்க்கவில்லை. ஒரே ஒரு ஆடு பார்த்தது. அதுவும் முறுக்கைத்தான் பார்த்தது.

பக்கத்தில் உதவியாளர் பேட்ரிசியா. அவர் மனைவி அக்னஸின் தங்கை. மன்னார்புரத்தில் துப்பறியும் நிலையத்துக்குப் போர்டு மாட்டிய அன்று, டைப் அடிக்க ஓர் ஆள் இருந்தால் நல்லது என்று அற்புதசாமி மாமியார் காதுபட வாய்தவறிச் சொல்லிவிட்டார். மறுநாளே பேட்ரிசியா வந்துவிட்டாள். டைப் அடிக்கத்தான் இன்றுவரை ஒன்றும் வரவில்லை.

"அத்தான், திருடனைப் பிடிச்ச மாதிரியே முறுக்கையும் பிடிக்காதீங்க. நொறுங்குது பாருங்க."

"நொறுங்கட்டும். நாளைக்குப் பேப்பர்ல பேர் வரும், தெரியுமா?"

"உங்களுக்குப் பேர் வரணும்னா பேப்பருக்குக் காசு கட்டணும். காணவில்லை பகுதியில போடுவாங்க."

அற்புதசாமி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ரயில்வேயில் பயணிகள் மறந்துவிட்டுப் போன குடைகளைக் காத்துக்கொண்டிருந்த வேலையை விட்டு, குடைக்குச் சொந்தக்காரனைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குக் கொலைகாரனைக் கண்டுபிடிக்கத் தெரியாதா என்று இந்தத் தொழிலுக்கு வந்தவர் அவர். ஒரு கொலையும் இதுவரை அவரை நாடி வரவில்லை. வந்தது குப்பை.

குப்பை என்றால் சாதாரணக் குப்பை இல்லை. காவிரிக்கரையில் தர்மராஜ் முதலாளியின் அட்டை மில் இருக்கிறது. பழைய காகிதத்தை வாங்கி, ஊறவைத்து, மிதித்து, அரைத்துக் கூழாக்கி, அட்டையாகத் தட்டி எடுக்கும் மில். ஆடி பிறந்ததிலிருந்து அங்கே ஒரு கணக்கு உதைத்தது. பத்துக் கட்டு காகிதம் உள்ளே போனால் ஒன்பது கட்டுக்குத்தான் அட்டை வந்தது. பத்தாவது கட்டு எங்கே?

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது காகிதம் பறக்காதா என்பது அற்புதசாமியின் முதல் துப்பு. எலி என்பது இரண்டாவது. மூன்றாவதுதான் காத்தமுத்து. மில்லின் கேட் வாட்ச்மேன். நேற்று வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் ஒரு சாக்கு மூட்டையைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு கொள்ளிடக்கரைக்குப் போவதை அற்புதசாமி பின்தொடர்ந்தார். முக்கொம்பில் மதகு திறந்திருந்ததால் கொள்ளிடத்தில் தண்ணீர் நிறைய ஓடியது. கரைச் சரிவில் கால் வழுக்கி, இவர் உருண்டு போய்ச் சேர்ந்தபோது மூட்டை காலியாக இருந்தது. சாக்கின் மூலையில் இரண்டு துணுக்குக் காகிதம் ஒட்டிக்கொண்டிருந்தது. அது போதாதா?

அங்கேயே பிடித்தார். பிடரியில் கைவைத்து, வடக்கே கொள்ளிடக்கரையிலிருந்து தெற்கே காவிரிக்கரை மில் வரைக்கும், நடுவில் இருந்த ஊர் முழுக்க, "காகிதத் திருடன்! காகிதத் திருடன்!" என்று சொல்லிக்கொண்டே நடத்திக்கொண்டு வந்தார். காத்தமுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நேற்றிலிருந்து அவன் மில்லின் சாமான் அறையில் உட்கார்ந்திருக்கிறான். இன்று சாயங்காலம் சங்கு ஊதியதும் ஏட்டையா வந்து ஸ்டேஷனுக்கு அழைத்துப் போவார்.

"அத்தான்," என்றாள் பேட்ரிசியா. குரல் மாறியிருந்தது. முறுக்கைத் தின்றுவிட்டு, அது மடித்து வந்த தாளைப் பிரித்துப் படித்துக்கொண்டிருந்தாள். ஒரு பள்ளிக்கூடப் பையனின் பரீட்சை விடைத்தாள். "இந்தத் தாளைப் பாருங்க."

அற்புதசாமி பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். "அசோகர் மரங்களை நட்டார். குளங்களை வெட்டினார். பிறகு மறுபடியும் மரங்களை நட்டார். பையனுக்கு வேற ஒண்ணும் தெரியல போலிருக்கு."

"அசோகரை விடுங்க. மேல பாருங்க."

மேலே ஒரு பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே 'ஸ்ரீராமஜெயம்'. அதற்கும் கீழே, எதற்கும் இருக்கட்டும் என்று 'முருகன் துணை'.

"பக்தியுள்ள பையன்," என்றார் அற்புதசாமி.

"மில்லுல இதே மாதிரி பரீட்சைத் தாள் மலையாட்டம் குவிஞ்சு கிடக்கே, அதுல ஒரு தாளுக்காவது தலை இருந்துச்சா? எல்லாம் மேல நாலு விரக்கடை கிழிஞ்சுதானே இருந்துச்சு?"

"அது மேலே நம்பர் இருக்கும்ல. பரீட்சை ஆபீஸ்லயே நம்பரைக் கிழிச்சுட்டுத்தான் விலைக்குப் போடுவாங்க. முதலாளியே சொன்னாரே."

"முதலாளி பரீட்சை எழுதி எத்தனை வருஷம் ஆச்சோ. நம்பர் முகப்புத் தாள்ல மட்டும்தான் அத்தான். அப்புறம் வாங்குற தாளுக்கெல்லாம் நம்பரே கிடையாது. இது அப்படி வாங்குன தாள். மில்லுல இருந்ததும் முக்கால்வாசி இந்த மாதிரித் தாள்தான். நம்பரே இல்லாத தாளை எதுக்குக் கிழிக்கணும்?"

அற்புதசாமி முறுக்கை மெல்லுவதை நிறுத்தினார். கடைக்காரர் பக்கம் திரும்பி, "ஏங்க, இந்தத் தாளெல்லாம் எங்க வாங்குறீங்க?" என்று கேட்டார்.

"பழைய பேப்பர் கடை பஷீர் அகமது பாய்கிட்டதாங்க," என்றார் அழகர்சாமி. "மில்லுக்குப் போற லோடுலேர்ந்து எனக்குன்னு ஒரு கட்டு எடுத்து வெச்சிருவாரு. ஏங்க, எண்ணெய் ஒட்டுதா?"

எண்ணெய் ஒட்டவில்லை. அற்புதசாமியின் மனசில் வேறு ஏதோ ஒட்டியது. பாய் கடையை விட்டுக் கிளம்பும்போது தாளுக்குத் தலை இருக்கிறது. மில்லுக்குள் போனபின் இல்லை. அப்படியென்றால் கிழிப்பது மில்லுக்குள்தான். எந்தத் திருடன் முழுத் தாளை விட்டுவிட்டுத் தலையை மட்டும் கிழித்துக்கொண்டு போவான்? அதை எந்தக் கடையில் விற்பான்?

"பேட்ரிசியா, நீ பரீட்சை எழுதினப்போ மேல என்ன போட்டே?"

"சிலுவை. பயம் கூடக் கூட சிலுவையும் கூடும். கணக்குப் பரீட்சைல தாளுக்கு அஞ்சு போட்டேன்."

"பாஸா?"

"சிலுவைக்கு மார்க் கிடையாதாம் அத்தான்."

ஒரு குதிரை வண்டியைப் பிடித்து இருவரும் மில்லுக்கு விரைந்தார்கள். வழியெல்லாம் அற்புதசாமிக்கு ஓர் ஆசை. அதைச் சொல்லிவிடுவதுதான் நியாயம். பேசாமல் மன்னார்புரத்துக்குத் திரும்பிப் போய்விட்டால் என்ன? திருடன் பிடிபட்டான் என்று ஊர் நம்பிவிட்டது. முதலாளியும் நம்பிவிட்டார். தானும்கூட இன்னும் கொஞ்சம் முயன்றால் நம்பிவிடலாம். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு திருடன் கிடைத்திருக்கும்போது, அவன் திருடன் இல்லை என்று தானே போய் நிரூபிப்பவனை என்னவென்று சொல்வது? வெட்கம் தாங்காமல் வண்டிக்கு வெளியே பார்த்தார். குதிரைகூடத் தன்னைத் திரும்பிப் பார்ப்பதுபோல் இருந்தது.

மில் வாசலிலேயே தர்மராஜ் முதலாளி நின்றிருந்தார். வீணாவது என்ற ஒன்றை அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. மில்லுக்குள் வரும் தண்ணீரை மூன்று தடவை வேலை வாங்கிவிட்டுத்தான் வெளியே விடுவார். வெளியேறும் வாய்க்காலிலும் குறுக்கே வேட்டித் துணி கட்டி, அதில் படியும் நாரை வழித்தெடுத்து மறுபடி தொட்டியில் போடுவார். தபாலில் வந்த கவரைப் பிரித்து, உள்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி, அதில்தான் கணக்கு எழுதுவார். அப்படிப்பட்டவருக்குப் பத்தில் ஒரு பங்கு காணாமல் போனால் தூக்கம் வருமா?

"வாங்க டிடெக்டிவ் சார்!" என்றார் வாயெல்லாம் பல்லாக. "ஏட்டையாவுக்குச் சொல்லி அனுப்பிட்டேன். இனிமே எவனும் ஒரு துண்டுக் காகிதத்தைத் தொடமாட்டான்."

"நல்லதுங்க. அதுக்கு முந்தி அவன்கிட்ட ஒரு கேள்வி கேட்டுக்கறேன்," என்றார் அற்புதசாமி, அவர் கண்ணைப் பார்க்காமல்.

சாமான் அறையில் காத்தமுத்து ஒரு கவிழ்த்த டின் மேல் உட்கார்ந்திருந்தான். நாற்பது வயதிருக்கும். காக்கிச் சட்டையில் பிடரிப் பக்கம் ஒரு தையல் விட்டிருந்தது. அது நேற்று அற்புதசாமியின் கைங்கரியம்.

"காத்தமுத்து, சாக்குல இருந்தது தலைத்துண்டுதானே? சாமி பேர் எழுதுன துண்டு?"

காத்தமுத்துவின் முகம் வெளுத்தது. நேற்றிலிருந்து கல்லாக இருந்தவன், "ஐயா, நான்தாங்க திருடினேன். ஸ்டேஷனுக்கே போறேன். விட்டுருங்க," என்றான் அவசரமாக.

வெளியே வந்ததும் பேட்ரிசியா சொன்னாள்: "திருடாதவன்தான் இவ்வளவு ஆசையா ஒத்துக்குவான். யாரையோ காப்பாத்துறாரு அத்தான்."

யாரை என்று கண்டுபிடிக்க அற்புதசாமியிடம் ஒரு திட்டம் இருந்தது. காகிதம் பிரிக்கும் கொட்டகையில் கட்டுகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு கவனிப்பது. கொட்டகையில் ஒரு டஜன் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெள்ளைத் தாளை ஒரு பக்கமும் கலர் தாளை ஒரு பக்கமும் பிரித்து, குண்டூசியும் சணலும் எடுத்துப் போடுவார்கள். சாமி படம் போட்ட காலண்டர், கல்யாணப் பத்திரிகை வந்தால் அதற்கென்று ஒரு சின்னக் கூடை. நிறைந்தால் காவிரியில் விட்டுவிடலாம். அந்த ஒரு கூடைக்கு மட்டும் முதலாளி சம்மதித்திருந்தார். கூடை இரண்டானால் அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான் என்றும் சொல்லியிருந்தார்.

அற்புதசாமி கட்டுகளுக்குப் பின்னால் பதுங்கினார். பழைய காகிதத்தின் தூசு மூக்கில் ஏறியது. அடக்கிப் பார்த்தார். தும்மல் அடங்கவில்லை. ஒன்று, இரண்டு, பிறகு எண்ணிக்கையில்லாமல்.

"யாரது, பின்னால?" என்றது ஒரு பெண்குரல்.

"எங்க அத்தான்தாங்க. ஒளிஞ்சுட்டிருக்காரு. நீங்க பார்க்காத மாதிரி இருங்க," என்றாள் பேட்ரிசியா. கொட்டகை சிரிப்பில் அதிர்ந்தது.

சிரிப்பு ஓய்வதற்குள் அவள் மூத்தவளான ராக்கம்மாளின் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையில் இருந்த முறுக்குத் தாளை நீட்டினாள். "இந்தாங்கக்கா, இதையும் சேர்த்துப் போட்டுருங்க."

ராக்கம்மாள் சிரித்துக்கொண்டே வாங்கினாள். கண் இன்னமும் கட்டுக்குப் பின்னால் தும்மிக்கொண்டிருந்தவர் மேல்தான். கை மட்டும் தன் வேலையைப் பார்த்தது. தாளைத் திருப்பியது. சுழியை விரல் தொட்டது. சரக்கென்று தலையைக் கிழித்தது. துண்டு மடிக்குள் போயிற்று. அசோகரும் அவருடைய மரங்களும் வெள்ளைக் குவியலில் விழுந்தன.

ராக்கம்மாள் தன் கையைத் தானே பார்த்தாள்.

அற்புதசாமி மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். வெற்றிப் புன்னகை ஒன்றை வரவழைக்கப் பார்த்தார். வரவில்லை.

"எல்லாரும் செய்யறதுதாங்க," என்றாள் ராக்கம்மாள் தாழ்ந்த குரலில். "எனக்கு எழுத்துத் தெரியாது. சுழி தெரியும். அந்தத் தொட்டியில தாஜுதீன் அண்ணன் முழங்கால் வரைக்கும் இறங்கி மிதிக்கிறாரு. பிள்ளையார் சுழியை எப்படிங்க மிதிக்கப் போடுறது? முன்னாடியெல்லாம் கடைக்கணக்குத் தாள் எப்பவாவதுதான் வரும், சமாளிச்சோம். இந்தப் பரீட்சை லோடு வந்துச்சு பாருங்க, சாமி இல்லாத தாளே இல்ல."

பக்கத்தில் இருந்த இருதயமேரி தன் மடியை விரித்துக் காட்டினாள். அது முழுக்கச் சிலுவைகள். அடுத்தவளான ஜைத்தூன் பீவியிடம் பிஸ்மில்லாவுக்குப் பதிலாக எழுதும் எழுநூற்று எண்பத்தாறுகள். ஸ்ரீரங்கத்துப் பையன்கள் தாளில் 'ஸ்ரீமதே ராமானுஜாய நம' என்று தொடங்கி கால் பக்கத்துக்கு நமஸ்காரம் ஓடுவதால், அவர்களுக்கு நாலு விரக்கடை போதாது, எட்டு வேண்டும். எல்லாச் சாமியும் ஒரே சாக்கில் சேர்ந்து வெள்ளிக்கிழமைதோறும் கொள்ளிடத்துக்குப் போயின. காவிரியில் குளிக்கிற கூட்டம் பார்த்துவிடும் என்பதால் அவ்வளவு தூரம். கொண்டுபோனது காத்தமுத்து.

"யார் கேட்டாலும் எங்க பேரைச் சொல்லமாட்டேன்னு சொன்னாரு," என்றாள் இருதயமேரி. கண் கலங்கியிருந்தது. "நேத்து நீங்க அவரை இழுத்துட்டு வந்தப்போ, நாங்க எல்லாரும் இதே இடத்துல குனிஞ்ச தலை நிமிராம உட்கார்ந்திருந்தோங்க. சொன்னா எங்க எல்லாருக்கும் வேலை போயிரும். சொல்லாட்டி அவரு ஜெயிலுக்குப் போயிருவாரு."

அற்புதசாமிக்குத் துப்புத் துலங்கிவிட்டது. ஆனால் யாருக்கு என்ன பிரயோசனம்? இப்போது இன்னொரு கணக்கு உதைத்தது. ஒருவனைக் காப்பாற்றினால் பன்னிரண்டு அடுப்பு அணையும். கதைகளில் வரும் துப்பறிவாளர்களுக்கு இந்தச் சங்கடமெல்லாம் ஏன் வருவதில்லை என்று யோசித்தார்.

"அத்தான், யோசிக்கிறீங்களா, தும்மல் வருதா?" என்றாள் பேட்ரிசியா. ஆனால் அவள் முகத்திலும் சிரிப்பில்லை.

"அடிப்பாவிங்களா!"

கதவருகே தர்மராஜ் முதலாளி. எவ்வளவு நேரமாக நின்றாரோ, முழுக்கக் கேட்டிருந்தார். "என் தாளைக் கிழிச்சு ஆத்துலயா விட்டீங்க? அத்தனையும் நல்ல நாரு! ஒரு கூடைன்னு சொன்னேனா இல்லையா? நாளையிலேர்ந்து ஒருத்தியும் இந்தப் பக்கம் வரக்கூடாது!"

பெண்கள் குனிந்து தாளைப் பிரிக்கத் தொடங்கினார்கள். அது அவருக்கு இன்னும் கோபத்தைக் கிளப்பியது. "எவ்வளவு போச்சுன்னு இப்பவே கணக்குப் பார்த்துச் சொல்றேன்," என்று, சட்டைப் பையிலிருந்து உள்புறம் திருப்பிய ஒரு கவரை எடுத்து, காகிதக் கட்டின் மேல் வைத்து எழுதத் தொடங்கினார். கட்டு, மூட்டை, விரக்கடை என்று பெருக்கினார், கழித்தார், பெருமூச்சு விட்டார். எழுதி முடித்ததும் கவரை ஆட்டினார். "பார்த்தீங்களா? இவ்வளவு! இத்தனையும் ஆத்தோட போச்சு!"

பேட்ரிசியா எட்டிப் பார்த்தாள். அவள் கண் கணக்கைப் பார்க்கவில்லை.

"முதலாளி, கணக்குப் பார்த்தாச்சா? இனிமே இந்தக் கவர் வேணுமா?" என்றாள் ரொம்ப மரியாதையாக.

"எதுக்கு வேணும்? ரெண்டு பக்கமும் முடிஞ்சு போச்சு."

"அப்ப அது பழைய காகிதம்தானே. தொட்டியில போட்டுருங்களேன். எதுக்கு வீணாக்கணும்?"

"வீணாக்குறதா? நானா?" தர்மராஜ் நிமிர்ந்தார். "பாருங்கடி எல்லாரும். முதலாளியா இருந்தாலும் ஒரு துண்டு வீணாக்கமாட்டேன்!" என்று விறுவிறுவென்று நடந்தார். கொட்டகைக்கு அடுத்தாற்போல் ஊறல் தொட்டி. முழங்கால் அளவு நீரில் ஊறிய தாளை மிதித்துக்கொண்டிருந்த தாஜுதீன் ஒதுங்கி நின்று, "போடுங்க முதலாளி," என்றார், கால் வைக்கவேண்டிய இடத்தைக் காட்டி.

தர்மராஜ் கையை நீட்டினார். கை நீட்டியபடியே நின்றது.

கவரின் தலையில் பிள்ளையார் சுழி. கோபத்தில் எழுதிய கணக்கானாலும் சுழி போடாமல் அவர் கை எண் எழுதாது. அப்பா பழக்கியது. இத்தனை வருஷமாக எழுதிய கவரெல்லாம் அவர் மேஜையடிக் குப்பைக்கூடையிலிருந்துதான் கொட்டகைக்கு வந்திருக்கும். அதிலிருந்து தொட்டிக்குள் எது போயிற்று, எது போகவில்லை என்று அவர் ஒருநாளும் நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது தாஜுதீனின் காலையும் சுழியையும் மாறி மாறிப் பார்த்தார்.

கொட்டகைப் பெண்கள் எல்லாரும் வாசலில் வந்து கூடியிருந்தார்கள்.

தர்மராஜ் கவரை இழுத்துக்கொண்டார். மெதுவாகத் தலைப்பக்கம் மடித்து, நகத்தால் கீறி, கிழித்தார். துண்டைக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மீதியைத் தொட்டியில் போட்டார். திரும்பியபோது அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எத்தனை விரக்கடைங்க முதலாளி?" என்றார் அற்புதசாமி.

தர்மராஜுக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று சொல்வது கடினம். இரண்டும் வந்தது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் வியாபாரி வியாபாரிதான். பையிலிருந்த துண்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மிதிக்கவும் மனசில்லை, ஆற்றில் விடவும் மனசில்லை.

"ஏன் ராக்கம்மா, ஆத்துல விட்டா கரையத்தானே செய்யுது? கரையறது தப்பில்லையே?"

"கரையறது தப்பில்லைங்க. கால் படக்கூடாது, அவ்வளவுதான்."

"அப்ப தனியா ஒரு அண்டாவுல போட்டு, மிதிக்காம நேரா அரவைக்கு அனுப்பினா?"

"கூட நாலு நாள் ஊறணும். வேற ஒண்ணுமில்ல," என்றார் தாஜுதீன் தொட்டிக்குள்ளிருந்து. "நானும் நிம்மதியா மிதிப்பேன்."

"ஊறட்டும்! அந்தக் கூழுல காலண்டர் அட்டை தட்டுறோம். சாமி படம் ஒட்டுற அட்டை! சாமியிலேர்ந்து சாமி! ஒரு நார் வெளியே போகாது!" தர்மராஜின் முகம் மலர்ந்துவிட்டது. உடனே வாசலைப் பார்த்துக் கத்தினார்: "ஏட்டையாவுக்கு ஆள் அனுப்பி வரவேண்டாம்னு சொல்லுங்க! எல்லாரும் போய் வேலையைப் பாருங்க, பொழுது வீணாகுது!"

காத்தமுத்துவைக் கூட்டி வந்தார்கள். முதலாளி அவன் தோளைத் தட்டி, நாளைக்கு வழக்கம்போல் கேட்டுக்கு வந்துவிடச் சொன்னார். பெண்கள் சுற்றி நின்று ஆளாளுக்கு ஏதோ பேசினார்கள். அற்புதசாமி கூட்டம் விலகும்வரை காத்திருந்து, அவன் முன்னால் போய் நின்றார்.

"காத்தமுத்து, நான் செஞ்சது பெரிய தப்பு. என்னை மன்னிச்சிருங்க." நேற்று 'டேய்' என்று கூப்பிட்ட வாய்க்கு 'ங்க' தானாக வந்தது.

"பரவாயில்லைங்க," என்றான் காத்தமுத்து. கிளம்பியவன் இரண்டடி போய் நின்றான். சொல்வதா வேண்டாமா என்று யோசித்துவிட்டுச் சொன்னான்: "திருடன்னு நீங்க ஊர் முழுக்கச் சொன்னீங்க. இல்லைன்னு இந்தக் கொட்டகைக்குள்ளதான் சொல்றீங்க. எங்க வீடு வடக்குத் தெருவுலங்க. இன்னிக்கு நான் எந்த முகத்தோட அந்த வழியா நடக்கறது?"

அறிவுரை சொல்லலாம், காலம் எல்லாவற்றையும் மறக்கடிக்கும் என்று சொல்லலாம். சொல்ல அற்புதசாமிக்கு வெட்கமாக இருந்தது. பூதக்கண்ணாடியைப் பேட்ரிசியாவிடம் கொடுத்தார். "வாங்க, போகலாம்," என்று காத்தமுத்துவின் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டு கிளம்பினார்.

முதல் கடை வெற்றிலைக் கடை. "ஐயா, கவனிங்க. நேத்து நான் திருடன்னு இழுத்துட்டுப் போனேனே, இவரு திருடன் இல்லை. நான்தான் மடையன்." கடைக்காரர் விழித்தார். அடுத்தது பாத்திரக் கடை. அங்கேயும் அதையே சொன்னார். முதலில் நாக்கு ஒட்டிக்கொண்டது. மொட்டைக் கோபுரம் தாண்டுவதற்குள் குரல் திறந்துவிட்டது. அழகர்சாமி முறுக்குக் கடை, பூக்கடை, சந்நிதி வாசலில் செருப்பு பார்த்துக்கொள்கிறவர், யாரையும் விடவில்லை. தெருவில் வந்த பெரியவர் ஒருவர் நாமத்தோடு நின்று முழுக்கக் கேட்டுவிட்டு, "பகவத் கிருபை, ஸ்வாமி. இதை வாய்விட்டுச் சொல்ல எத்தனை பேருக்கு வரும்?" என்று போனார். பின்னால் சிறு கூட்டம் சேர்ந்துவிட்டது. வாழ்நாளில் அற்புதசாமிக்கு இவ்வளவு பேர் ஒரே நேரத்தில் கிடைத்ததில்லை.

"அத்தான், இன்னிக்குத்தான் நீங்க சொல்றதை ஊரே நம்புது," என்றாள் பேட்ரிசியா. கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முடிக்கும்போது அப்படி இல்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

வடக்குத் தெரு முனையில் ஒரு காபி கிளப். காத்தமுத்து தினமும் காபி குடிக்கிற இடம். வாசலில் நின்றவர்கள் நேற்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள். அற்புதசாமி சைக்கிளை ஸ்டாண்டு போட்டார். தொண்டை கட்டிவிட்டிருந்தது. இருந்தாலும் கூட்டத்தின் நடுவில் போய் நின்று, ஒரு வார்த்தை குறையாமல் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் இருமல் வந்துவிட்டது.

கிளப்காரர் உள்ளே போய் இரண்டு டம்ளர் காபி ஆற்றிக்கொண்டு வந்தார். ஒன்றைக் காத்தமுத்துவிடம் கொடுத்தார். இன்னொன்றைக் கொடுக்கலாமா என்று அற்புதசாமியை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாருப்பா காத்தமுத்து, இவரு?"

காத்தமுத்து அந்த டம்ளரை வாங்கித் தன் கையாலேயே அற்புதசாமியிடம் நீட்டினான்.

"நம்ம ஆளுதாங்க," என்றான்.